கடைசிக் கைப்பிடி உப்பு: சிறுநீரகச் செல்கள் சோடியத்தை அளக்கும் விதம்

கேள்வி இது: உறுப்புகளின் பரப்புகளைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்களின் வழியாகச் சோடியம் கடப்பதை உடல் எப்படிக் கட்டுப்படுத்துகிறது? ஆல்டோஸ்டீரோன் என்ற அட்ரினல் ஹார்மோன் வந்தால், செல்லுக்குள் சோடியம் நுழையும் புரத வழியான சோடியம் சேனல் திறக்கிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அவ்வளவுதானா?

பாடப்புத்தக வரியில் தவறில்லை. ஆனால் விஷயத்தின் முக்கியமான பாதி அதில் இல்லை. செல் தன் மேற்பரப்பிலுள்ள சேனல்களை ஓயாமல் பிடுங்கி உள்ளே இழுத்து அழித்துக்கொண்டே இருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் செய்கிற முதல் வேலை அந்த அகற்றலைத் தடுத்து நிறுத்துவதுதான். இதைப் பிடித்துக்கொண்டால், தனித்தனியாக மனப்பாடம் செய்கிற பல நோய்கள் ஒரே கதையின் கிளைகளாகத் தெரியும்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். வளர்ந்தவரின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. பிளாஸ்மாவில் லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்றால், நாளொன்றுக்கு 25,000 மில்லிமோல் வடிகிறது. சாப்பாட்டு உப்பாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. இதில் சிறுநீரோடு வெளியே போவது 1 சதவீதத்துக்கும் குறைவு. வடிந்த திரவம் சிறுநீரகக் குழலின் பகுதிகளை வரிசையாகக் கடக்கிறது: முன்சுருள் குழல் மூன்றில் இரண்டு பங்கையும், ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதி கால் பங்கையும், பின்சுருள் குழல் 5 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 2 அல்லது 3 சதவீதம், அதாவது 30 முதல் 45 கிராம் உப்பு. ஒரு கைப்பிடி. இதைச் சேகரிப்பு நாளமும் அதற்குச் சற்று முந்தைய குழலும் கையாள்கின்றன. நாம் நாள் முழுவதும் தின்கிற உப்பே 10 கிராம் அளவில்தான் இருக்கும். ஆகவே இந்தக் கடைசிக் கைப்பிடியில் சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் இரத்த அழுத்தத்தில் தெரிந்துவிடும். கட்டுப்பாடு முழுவதும் இங்கே குவிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

எபிதீலியச் செல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று குழலின் உட்புறத்தை, அதாவது சிறுநீரைப் பார்த்த மேல்முகம். மற்றது இரத்தத்தைப் பார்த்த அடிமுகம். பக்கத்துச் செல்களை இறுக்கமான சந்திப்புகள் இணைத்திருப்பதால் ஒரு முகத்துப் புரதம் மறுமுகத்துக்கு நழுவிப் போகாது. அடிமுகத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதனால் செல்லுக்குள் சோடியம் லிட்டருக்கு 10-15 மில்லிமோல் என்ற அளவில் தாழ்ந்தே இருக்கிறது; உட்புறம் மின்னழுத்தத்திலும் எதிர்மறையாக நிற்கிறது. சிறுநீர் முகத்தில் ஒரு வழி கிடைத்தால் போதும், சோடியம் தானாக உள்ளே பாயும். விசையைத் தருவது பம்ப், வேகத்தை முடிவு செய்வது மேல்முகத்துச் சேனல்.

இந்தப் படத்தைத் தந்தது தவளைத் தோல். கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஊஸிங் என்ற ஆய்வாளர் இரண்டு அரைக்கூடுகளுக்கு நடுவே தவளையின் தோலை விரித்துக் கட்டினார். இரு பக்கமும் ஒரே உப்புக் கரைசல். வேதி வேறுபாடு எதுவும் இல்லை. தோல் தானாக உண்டாக்கும் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டத்தால் பூஜ்ஜியமாக்கினார். மின்விசையும் இல்லை, செறிவு வேறுபாடும் இல்லை. ஆனாலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. கதிரியக்கச் சோடியத்தால் அளந்தபோது, அந்த மின்னோட்டம் முழுவதும் வெளியிலிருந்து உள்ளே போகும் நிகர சோடியத்துக்குச் சமமாக இருந்தது. இதை ஊஸிங்கும் ஸெரானும் 1951-ல் வெளியிட்டார்கள். மேல்முகத்தில் சேனல், அடிமுகத்தில் பம்ப் என்ற இரண்டு முக மாதிரியைக் கோஃபோட்-யோன்சனும் ஊஸிங்கும் 1958-ல் முன்வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் யென்ஸ் ஸ்கோ நண்டு நரம்பிலிருந்து அந்தப் பம்பை ஒரு நொதியாக இனங்கண்டிருந்தார். அதற்கான நோபல் 40 ஆண்டுகள் கழித்து, 1997-ல் வந்தது.

ஊஸிங் கூடு இன்றும் ஆய்வகங்களில் அன்றாடக் கருவி. சோடியம் ஓட்டத்தை அளக்க வருபவர்கள் செய்யும் பொதுவான தவறு, மொத்த மின்னோட்டத்தையும் சோடியம் என்று எழுதிவிடுவது. குளோரைடு சுரப்பும் அதே மீட்டரில்தான் தெரியும். மேல்முகத்துக் கரைசலில் சோடியம் சேனலை அடைக்கும் அமிலோரைடு என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்த்து, எவ்வளவு மின்னோட்டம் விழுகிறதோ அதை மட்டுமே இந்தச் சேனலின் பங்காகக் கொள்ள வேண்டும். மருந்தை அடிமுகத்தில் ஊற்றினால் பலனில்லை, சேனல் அங்கே இல்லை. அளவை வாங்குவதற்கு முன் திசுவின் மின்தடையையும் பார்க்க வேண்டும். தடை மிகக் குறைவாக இருந்தால் விளிம்பில் திசு நசுங்கி ஓட்டை விழுந்திருக்கும், அந்த எண் எதற்கும் உதவாது. மாற்றுக் கணக்கு எளிது: சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் என்றால் மணிக்கு 0.037 மைக்ரோமோல் சோடியம்.

இனி சேனல். எபிதீலியல் சோடியம் சேனலை ஈனாக் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துணைப்புரதங்கள் சேர்ந்தது. எலியின் பெருங்குடலிலிருந்து 1993-94-ல் இதன் மரபணுக்களைக் கனெஸா, ரோஸியே குழுவினர் பிரித்தெடுத்தார்கள். பொட்டாசியத்தைவிடச் சோடியத்தை 100 மடங்குக்கும் மேல் விரும்பி விடும். ஒரு சேனலின் கடத்துதிறன் 5 பைக்கோசீமன்ஸ் அளவில்தான். சிறியதுதான், ஆனால் 100 மில்லிவோல்ட் விசையில் இது 0.5 பைக்கோஆம்பியர்; அதாவது திறந்திருக்கும் ஒரு சேனல் வழியாக நொடிக்கு 30 லட்சம் சோடியம் அயனிகள். ஒரு பம்ப் நொடிக்கு 100 சுற்று ஓடினாலும் 300 சோடியத்தைத்தான் வெளியே தள்ளும். திறந்த ஒரு சேனலை ஈடுகட்ட ஏறத்தாழ 10,000 பம்புகள் வேண்டும். மேற்பரப்பில் சேனல்கள் அளவுக்கு மீறிக் கூடினால் செல் உப்பில் மூழ்கிவிடும். அதனால்தான் செல் இந்தச் சேனலை நம்பி நிரந்தரமாக மேலே விட்டுவைப்பதில்லை. போட்ட சேனல் மணிக்கணக்கில்தான் அங்கே இருக்கும்.

அகற்றும் வேலை நடக்கும் விதம் இது. மூன்று துணைப்புரதங்களின் வால்களும் செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வாலிலும் புரோலின் புரோலினாக வந்து டைரோசினில் முடியும் ஒரு சிறு துண்டு உண்டு. அதைப் பிடிக்கும் கொக்கிகள் நெட்4-2 என்ற நொதியில் இருக்கின்றன. நெட்4-2 வாலைப் பிடித்து, யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் சேனலின் மேல் ஒட்டுகிறது. அந்த ஒட்டு, ‘இதை எடுத்துப் போகலாம்’ என்ற அடையாளச் சீட்டு. சேனல் உள்ளே இழுக்கப்பட்டு, செல்லின் குப்பை அரவையான லைசோசோமில் சிதைக்கப்படுகிறது.

அந்த வால் அறுந்துபோனால் என்ன ஆகும்? கிராண்ட் லிடில் என்ற மருத்துவர் 1963-ல் விவரித்த குடும்பத்தில் நடந்தது அதுதான். இளவயதிலேயே கடும் இரத்த அழுத்தம், இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, காரத்தன்மை கூடுதல். எல்லாம் ஆல்டோஸ்டீரோன் மிகுந்த நோய்போல் இருந்தும், அளந்தால் ஆல்டோஸ்டீரோன் அடிமட்டத்தில் கிடந்தது. 1994-ல் காரணம் தெரிந்தது: பீட்டா துணைப்புரதத்தின் வால் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. கொக்கி மாட்ட இடமில்லை, சேனல்கள் மேலேயே தங்கிவிடுகின்றன. அந்தக் குடும்பத்தின் முதல் நோயாளிக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழந்து மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபோது, அழுத்தமும் பொட்டாசியமும் சீரடைந்தன. கோளாறு ஹார்மோனில் இல்லை, சிறுநீரகச் செல்லிலேயே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருத்துவம் படிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிடில் நோயில் ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் பலன் இராது. அது ஆல்டோஸ்டீரோனின் ஏற்பியைத்தான் அடைக்கிறது. நோயோ அதற்குக் கீழே இருக்கிறது. சேனலையே அடைக்கும் அமிலோரைடோ டிரையாம்டெரீனோதான் வேலை செய்யும், கூடவே உப்பையும் குறைக்க வேண்டும். ஆல்டோஸ்டீரோன் சுரப்பைத் தூண்டும் ரெனினும், ஆல்டோஸ்டீரோனும் இரண்டும் தாழ்ந்திருந்து, பொட்டாசியமும் குறைவாக இருக்கும் இளவயது இரத்த அழுத்தத்தில் இதை நினைத்தே ஆக வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கும் அதே தொல்லை இருக்க வாய்ப்பு அதிகம், ஓங்குமரபாக வருவது இது.

இப்போது ஆல்டோஸ்டீரோனுக்கு வருவோம். ஹார்மோன் செல்லுக்குள் புகுந்து மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது. சோடியம் ஓட்டம் உடனே கூடாது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அந்த இடைவெளியில் எஸ்ஜிகே1 என்ற கைனேஸ் நொதி உருவாகிறது. அது நெட்4-2-ன் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய நெட்4-2-ஐ 14-3-3 என்ற புரதம் கட்டிப்போடுகிறது, வாலைப் பிடிக்க விடுவதில்லை. சேனல்கள் மேலேயே தேங்குகின்றன. முதல் சில மணி நேரத்து உயர்வு பெரும்பாலும் இப்படி வருவது. புதுச் சேனல்களும் புதுப் பம்புகளும் உற்பத்தியாகிச் சேர்வது அதற்குப் பிறகு, 6 மணி முதல் ஒரு நாள் வரை நீளும் இரண்டாம் கட்டத்தில். எஸ்ஜிகே1-ன் ஆயுளும் மிகக் குறுகியது. ஹார்மோன் விலகினால் அதுவும் மறைந்துவிடும், நெட்4-2 மறுபடி வேலைக்கு வந்துவிடும். இன்சுலினும் எஸ்ஜிகே1-ஐ ஊக்குகிறது. இன்சுலின் மிகுந்த நிலையில் உடல் உப்பைப் பிடித்துவைப்பதற்கு இது ஒரு காரணம். உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோப்ரெஸ்ஸின் வேறு வழியில் வருகிறது: சுழல் ஏஎம்பி என்ற தூதுமூலக்கூறு மூலம், செல்லுக்குள் காத்திருக்கும் சேனல்களை நிமிடக்கணக்கில் மேலே கொண்டுவருகிறது.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மினரலோகார்ட்டிகாய்டு ஏற்பிக்கு, அட்ரினலின் மற்றொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே பிடியாகப் பிடிக்கும். இரத்தத்தில் கார்ட்டிசால் பலநூறு மடங்கு அதிகம். அப்படியானால் ஏற்பி எப்போதும் கார்ட்டிசாலால் நிரம்பித்தானே இருக்க வேண்டும்? இருக்காததற்குக் காரணம், அந்தச் செல்களில் காவலிருக்கும் 11-பீட்டா-ஹெச்எஸ்டி2 என்ற நொதி. அது கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றிவிடும். கார்ட்டிசோன் ஏற்பியில் ஒட்டாது.

நம் வீடுகளில் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் கொடுக்கும் அதிமதுரம் இந்தக் காவலரைத்தான் மயக்குகிறது. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் குடலில் கிளிசிரெட்டினிக் அமிலமாகி அந்த நொதியைத் தடுக்கும். இரண்டொரு நாள் சுவைப்பதில் பொதுவாகப் பெரிய கேடில்லை. வாரக்கணக்கில் சூரணமாகவோ கஷாயமாகவோ தொடர்ந்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், தொடை தளர்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போகும், இதயத் துடிப்பும் தடம் மாறலாம். பரிசோதனையில் ரெனின், ஆல்டோஸ்டீரோன் இரண்டும் தாழ்ந்து, அச்சு அசலாக லிடில் நோய்போல் காட்டும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இதை யாரும் சொல்வதில்லை, மருந்தாக நினைக்காததால். பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நிறுத்திய பிறகும் மாற்றங்கள் மறைய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும், பொட்டாசியத்தை இழக்கச்செய்யும் நீர்மாத்திரை சாப்பிடுபவர்களும் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுக்கவே கூடாது.

எண்ணிக்கை ஒரு புறம் இருக்க, மேலே இருக்கும் சேனல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும் உண்டு. ஈனாக் உருவாகும்போது அதன் வெளிப்பகுதியில் தடுப்புத் துண்டுகள் மடிந்து கிடக்கின்றன. ஃப்யூரின் என்ற நொதி ஆல்ஃபாவை இரண்டு இடங்களில் வெட்டி ஒரு துண்டை அகற்றுகிறது, காமாவை ஓரிடத்தில் வெட்டுகிறது. காமாவில் இரண்டாவது வெட்டைப் புரோஸ்டாசின், பிளாஸ்மின் போன்ற வேறொரு நொதி போட்டால்தான் சேனல் முழு வீச்சில் திறக்கும். நெஃப்ரோட்டிக் என்ற சிறுநீரக நோயில் இரத்தப் புரதம் சிறுநீருக்குள் ஒழுகும்போது, பிளாஸ்மினின் மூலப் புரதமான பிளாஸ்மினோஜனும் அதில் கலந்து, அங்கே பிளாஸ்மினாக மாறி இந்த வெட்டைப் போடுகிறது. அந்த நோயாளிகளின் வீக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு. இவைபோக, வெளியே சோடியம் மிகுந்தால் சேனல் நொடிகளுக்குள் தானே சற்று ஒடுங்கும். செல்லுக்குள் சோடியம் தேங்கினாலும் மெல்ல ஒடுங்கும். மூழ்காமல் காப்பதற்கான உள்ளமைப்பு அது.

பொட்டாசியத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சோடியம் நேர்மின் ஏற்றத்தோடு செல்லுக்குள் போவதால் குழலின் உட்புறம் எதிர்மின்னாகிறது. அந்த இழுப்பில் ரோம்க் என்ற பொட்டாசியம் சேனல் வழியாகப் பொட்டாசியம் சிறுநீருக்குள் இறங்குகிறது. ஃப்ரூசமைடு, தயசைடு ஆகிய நீர்மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைப்பது இதனால்தான்: குழலின் முந்தைய பகுதியில் தடுக்கப்பட்ட சோடியம் பின்னால் ஈனாக்கிடம் கூடுதலாக வந்து சேர்கிறது. அமிலோரைடு பொட்டாசியத்தைச் சேமிப்பதும் இதே காரணத்தால்தான். காட்ரைமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் இருக்கும் டிரைமெத்தோப்ரிமும் ஈனாக்கை அடைக்கும், வடிவத்தில் அமிலோரைடுக்கு உறவு. இரத்த அழுத்தத்துக்கான ஏசிஇ தடுப்பான் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் முதியவருக்கு அதைக் கொடுத்தால் சில நாள்களிலேயே பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கொடுப்பதானால் முதல் வாரத்துக்குள் இரத்தத்தைச் சோதித்துவிட வேண்டும்.

ஆனால் ஒரே ஆல்டோஸ்டீரோன் இரண்டு நேரங்களில் சுரக்கிறது: உடலில் நீரும் உப்பும் குறைந்தபோது, பொட்டாசியம் மிகுந்தபோது. முதல் நேரத்தில் சோடியத்தைப் பிடிக்க வேண்டும், பொட்டாசியத்தை இழக்கக் கூடாது. இரண்டாவதில் பொட்டாசியத்தைத் தள்ள வேண்டும், சோடியத்தைச் சேர்க்கக் கூடாது. எந்த வேலை என்பதைத் தீர்மானிப்பது முந்தைய நிறுத்தமான பின்சுருள் குழலின் சோடியம்-குளோரைடு கடத்தி. நீர் குறைந்தபோது ரெனின் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் கூடவே வந்து அதை முடுக்கிவிடும். சோடியம் அங்கேயே குளோரைடோடு எடுக்கப்பட்டுவிடுவதால் மின்னழுத்தம் உருவாவதில்லை, பொட்டாசியம் தப்பிக்கிறது. பொட்டாசியம் மிகுந்தபோது அந்தக் கடத்தி அணைந்துவிடும். சோடியம் ஈனாக்குக்குப் போய்ப் பொட்டாசியத்தை வெளியே இழுக்கும்.

அந்தக் கடத்தியை ஆட்டுவிப்பவை டபிள்யூஎன்கே என்ற கைனேஸ்கள். செல்லுக்குள் குளோரைடு இறங்கினால் இவை விழிக்கும். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் குளோரைடு இறங்குவதால், பொட்டாசியம் குறைந்த உணவு உப்பைப் பிடித்துவைக்கச் செய்கிறது. கீரையும் பருப்பும் பழமும் இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்பதன் பின்னே இந்த விசை இருக்கிறது (சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது, அவர்கள் பொட்டாசியத்தைத் தள்ள முடியாதவர்கள்). டபிள்யூஎன்கே1, டபிள்யூஎன்கே4 மரபணுக்களின் மாற்றங்களால் வரும் கார்டன் நோய் 2001-ல் விளங்கியது: அழுத்தமும் பொட்டாசியமும் ஒருசேர உயரும், தயசைடு கொடுத்தால் இரண்டும் இறங்கும். 2012-ல் அதே நோய்க்கு மேலும் இரண்டு மரபணுக்கள் சிக்கின, கேஎல்ஹெச்எல்3, கல்3. இவற்றின் வேலை டபிள்யூஎன்கே புரதங்களின் மேல் யுபிக்விட்டின் சீட்டை ஒட்டி அழிவுக்கு அனுப்புவது. லிடில் நோயில் சேனல் அகற்றப்படவில்லை. இங்கே சேனலுக்கு முந்தைய கடத்தியை முடுக்குகிற கைனேஸ் அகற்றப்படவில்லை.

எதிர்ப்பக்கம், சேனலே வேலை செய்யாத நிலை. ஈனாக்கின் மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டுப்போன குழந்தை பிறந்த முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வாந்தி, எடையிழப்பு, அதிர்ச்சி நிலையோடு வரும். சோடியம் தாழ்ந்து, பொட்டாசியம் லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தாண்டி நிற்கும். முதலில் நினைவுக்கு வருவது, அட்ரினல் ஹார்மோன்கள் சரியாக உருவாகாத பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. அதுதான் அடிக்கடி வருவதும். ஆனால் அதில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டீரோன் உயர்ந்திருக்கும், ஆல்டோஸ்டீரோனைப் போல வேலை செய்யும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மருந்துக்குக் குழந்தை தேறும். இங்கே ஆல்டோஸ்டீரோனும் ரெனினும் மிக உயர்ந்து இருக்கும், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் எதையும் மாற்றாது. வழக்கமாகக் கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2-3 மில்லிமோல் சோடியம் போதும். இவர்களுக்கு 20 மில்லிமோலுக்கு மேலும் தேவைப்படுவதுண்டு, அதுவும் வாழ்நாள் முழுக்க, பொட்டாசியத்தைக் கட்டும் ரெசினோடு சேர்த்து. குதிகாலில் குத்தி எடுத்த மாதிரியில் செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயர்வது சாதாரணம் என்பதால் சிரை இரத்தத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஆனால் இசிஜி மாறியிருந்தால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதைத் தொற்றும் குழந்தைகளில் இதே படத்தைத் தற்காலிகமாக உண்டாக்கும். ஆகவே சிறுநீர்க் கல்ச்சரை விடக் கூடாது.

இதே சேனல் சிறுநீரகத்தோடு நின்றுவிடவில்லை. பிறக்கும்போது நுரையீரலில் நிரம்பியிருக்கும் திரவத்தை உறிஞ்சிக் காற்றுக்கு இடம் விடுவதும் ஈனாக்தான். ஆல்ஃபா மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகள் பிறந்து 40 மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் வற்றாமல் இறந்துபோவதை 1996-ல் கண்டார்கள். வியர்வைக் குழாயிலும் இதே சேனல் உப்பைத் திரும்ப எடுக்கிறது. அங்கே குளோரைடு கூடவே போக சிஎஃப்டிஆர் என்ற மற்றொரு சேனல் வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில் சிஎஃப்டிஆர் வேலை செய்யாததால் குளோரைடு தங்கிவிடுகிறது, சோடியமும் அதோடு தங்கிவிடுகிறது. குழந்தையை முத்தமிடும் தாய்க்கு நெற்றி கரிக்கும். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் அந்த நோய்க்கான பரிசோதனையாக அதுவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.